வெட்டுப்படும் பின்னணிப் படங்கள் - ஒரு சின்ன வரலாறு



வலைப்பக்கம் செய்து பழகும் எல்லோரும் ஒருநாள் இந்தத் தொல்லையில் மாட்டுவோம். எருமப்பட்டியில் இருந்து எடுத்த கொல்லிமலை போட்டோ ஒன்றைப் பின்னணியாக வைத்திருப்போம். முழுத் திரையில் பார்த்தால் அருமையாக இருக்கும். பிரவுசர் விண்டோவைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், மலையில் பாதி காணாமல் போகும். இல்லாவிட்டால் வலது பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை நிற்கும்.

"பிரவுசர் சரியில்லை" என்று திட்டுவோம். ஆனால் பிரவுசர் மேல் பெரும்பாலும் தப்பில்லை. இதற்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

ஓடு பதித்த காலம்

1993-ல் மொசைக் பிரவுசர் வந்தபோது பக்கங்களின் பின்னணி வெறும் சாம்பல் நிறம்தான். 1995-ல் வந்த நெட்ஸ்கேப் 1.1 முதல் பின்னணியில் படம் வைக்க வழி பிறந்தது. ஒரு குட்டிப் படத்தைக் கொடுத்தால், தரைக்கு ஓடு பதிப்பது போல பிரவுசர் அதையே வரிசையாகப் பதித்துக்கொண்டு போகும். விண்டோ பெரிதானால் இன்னும் நாலு ஓடு, சிறிதானால் நாலு குறைவு. அதனால் வெட்டுப்படுகிறதே என்ற கவலை யாருக்கும் இல்லை.

1994 அக்டோபரில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோகன் வியும் லீ, பக்கத்தின் அலங்காரத்துக்கு என்று தனி மொழி வேண்டும் என்று முன்மொழிந்தார். அதுதான் சிஎஸ்எஸ். முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வெளியானது. படம் திரும்பத் திரும்ப வராமல் நிறுத்தலாம், எந்த மூலையில் நிற்க வேண்டும் என்றும் சொல்லலாம். ஒன்று மட்டும் முடியாது: பின்னணிப் படத்தின் அளவை மாற்றுவது. 800 பிக்சல் அகலப் படம் என்றால் எங்கே போனாலும் 800 பிக்சல்தான். விண்டோ 600 என்றால் மீதி 200 வெட்டு. நம் தொல்லை பிறந்த இடம் இதுதான்.

அந்தக் காலத் தளங்களின் அடியில் "இத்தளத்தை 800x600 அளவில் பார்க்கவும்" என்று ஒரு வரி இருக்கும். யோசித்துப் பாருங்கள், கடைக்காரர் தைத்து வைத்த சட்டைக்கு ஏற்ப நாம் உடம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது போல இல்லையா?

தமிழுக்கு வந்த கூடுதல் கஷ்டம்

சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் பல வருடம் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கம் புரியாத குறிகளாகத் தெரியும். அதனால் பலர் தலைப்பையே படமாகச் செய்து வைத்தார்கள்.

ஆங்கிலத் தளத்தில் பின்னணி வெட்டுப்பட்டால் அழகு போகும், அவ்வளவுதான். தமிழ்த் தளத்தில் எழுத்தே போகும். "நாமக்கல்" என்ற தலைப்பு "நாமக்" என்று நிற்கும். தேடுபொறிக்கும் அந்தத் தலைப்பு தெரியாது, ஏனென்றால் அது எழுத்து அல்ல, படம்.

அந்த வெள்ளைப் பட்டை

மேலே சொன்ன வெள்ளைப் பட்டைக்குக் காரணம் வேறு. தலைப்புப் பகுதிக்கு அகலம் 100 சதவீதம் என்று கொடுப்போம். அது விண்டோவின் அகலம், பக்கத்தின் அகலம் அல்ல! உள்ளே இருப்பது 960 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். விண்டோவை 700-க்குச் சுருக்கினால் பின்னணி 700-லேயே நின்றுவிடும். பக்கத்தை வலதுபுறம் நகர்த்தினால் மீதி 260 பிக்சலும் வெறுமை.

மருந்து ஒரே வரி: அந்தப் பகுதிக்கு 'மின்-விட்த்', அதாவது குறைந்தபட்ச அகலம், 960 என்று கொடுத்துவிடுங்கள். இந்த வசதி 1998-ல் சிஎஸ்எஸ் 2-லேயே வந்துவிட்டது. ஆனால் 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு அது புரியவே புரியாது. 2006-ல் ஏழாம் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்து இருந்தும் எட்டு வருடம் நோய் தீரவில்லை!

சினிமா முன்பே பட்ட பாடு

இதே சிக்கல் சினிமாவுக்கு எப்போதோ வந்துவிட்டது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல சுமார் 2.35 மடங்கு. பழைய டிவிப் பெட்டியின் அகலமோ 1.33 மடங்குதான். ஸ்கோப் படத்தை அந்தப் பெட்டிக்குள் காட்ட இரண்டே வழி. திரை நிறைய வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும்; கணக்குப் போட்டால் படத்தில் 43 சதவீதம் போய்விடும். முழுப் படமும் வேண்டும் என்றால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

பின்னணிப் படத்தின் அளவை மாற்றும் வசதி ('பேக்ரவுண்ட்-சைஸ்') சிஎஸ்எஸ் 3-ல் வந்தபோது இதே இரண்டு வழிகள்தான் வந்தன. 'கவர்' என்றால் இடத்தை நிரப்பு, மிஞ்சியதை வெட்டு. 'கன்டெய்ன்' என்றால் முழுப் படத்தையும் காட்டு, வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும். 2011-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 வந்த பிறகுதான் இதை நம்பிப் பயன்படுத்த முடிந்தது.

அதற்குள் போன் வந்துவிட்டது. 2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்பவர், திரைக்கு ஏற்பப் பக்கம் வளைந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். "800x600-ல் பார்க்கவும்" என்ற எண்ணமே தலைகீழானது.

இனி என்ன செய்யலாம்?

1024x768 அளவுள்ள கொல்லிமலைப் படத்தை, 360 பிக்சல் அகலமும் 640 உயரமும் உள்ள போனில் 'கவர்' கொடுத்து வைத்தால் 42 சதவீதம்தான் தெரியும். 'கன்டெய்ன்' கொடுத்தால் 270 பிக்சல் உயரத்தில் மலை, மீதி 370 காலி. இரண்டுமே வேண்டும் என்றால் நடக்காது!

ஆகவே, படத்தில் எது போகக்கூடாது என்று முதலில் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். உச்சி வலது பக்கம் இருந்தால் 'பேக்ரவுண்ட்-பொசிஷன்' வலது என்று கொடுங்கள். வெட்டு இடது பக்கம் விழும். எழுத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள். யூனிகோடு இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை. கடைசியாக, விண்டோவை நீங்களே சுருக்கிப் பாருங்கள், ஒரு சாதாரண போனிலும் திறந்து பாருங்கள்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டருக்கு ஒரு வசதி உண்டு. பலகை அவர் கண்முன்னே இருக்கும்; அதன் அளவைப் பார்த்துத்தான் பெயரை எழுதுவார். வலைப்பக்கம் செய்பவருக்கு அந்தப் பலகை தெரியாது. யாரோ ஒருவர், எங்கேயோ, எந்தத் திரையிலோ பார்ப்பார். இந்த முப்பது வருடத்தில் மாறியது படத்தின் அளவு மட்டும் இல்லை. யார் யாருக்காக வளைந்து கொடுக்க வேண்டும் என்பதும் மாறிவிட்டது. சின்னத் திரை வைத்திருப்பவர் பெரிய திரை வாங்க வேண்டியதில்லை, நம் பக்கம் அவருக்காகச் சுருங்கினால் போதும்.

அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.