வாக்குரிமையும் நீதிமன்றமும்: மலையகத்தின் அனுபவம்

வாக்காளரை அச்சுறுத்துவோர் தடியும் துப்பாக்கியும் ஏந்தி வருவர் என்றே பொதுவாக எண்ணப்படுகின்றது. கொத்மலை தொடக்கம் ஹட்டன் வரையுள்ள தேயிலைத் தோட்டங்களிலோ வாக்கைப் பறிக்க முதலில் வந்தது சட்டமேயாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியா, தலவாக்கலை, கொட்டகலை, மஸ்கெலியா முதலிய தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகள் அல்லாதோரைத் தேருநர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952இல் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் தேர்தல் மூலம் பாராளுமன்றம் செல்லவில்லை.

இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றதே கொடக்கன் பிள்ளை வழக்கு. சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார் மீது மட்டும் தடைகளை விதிக்கும் சட்டத்தைத் தடுத்திருந்தது. பெயர்ப் பதிவுக் கோரிக்கையை விசாரித்த அதிகாரி தொழிலாளியின் பக்கமே தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தையே ஆதரித்தது. தன் பிரசைகள் யார் என வரையறுப்பது அரசொன்றின் இயல்பான அதிகாரம் என்பதே அதன் வாதம். சட்டத்தின் சொற்களை நோக்கிய நீதிபதிகள் அதன் விளைவை நோக்கவில்லை என்பதே என் கருத்து.

ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின் உயர் நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. 1998 ஆகஸ்டில் நடைபெறவிருந்த ஐந்து மாகாண சபைத் தேர்தல்கள் அவசரகால விதிகளின் கீழ் ஒத்திவைக்கப்பட்டன. கொத்மலை அடங்கிய மத்திய மாகாணமும் அவற்றுள் ஒன்று. கருணாதிலக்க வழக்கில், வாக்களித்தலும் கருத்து வெளிப்பாடே, ஆதலின் 14(1)(அ) உறுப்புரையின் பாதுகாப்பு அதற்கும் உண்டு என 1999 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு நடந்த 1999 ஏப்ரல் 6ஆம் நாள் வாக்கெடுப்பில், கண்டி மாவட்டத்தின் சில நிலையங்களில் வன்முறையும் கள்ள வாக்கும் இடம்பெற்றதாக முறைப்பாடு எழுந்தது. அதுவே மெதிவக்க வழக்கு. அந்நிலையங்களின் வாக்கெடுப்பை ஆணையாளர் இரத்துச் செய்யாமையே உரிமை மீறல் என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ கண்டார். அச்சுறுத்தியவனைத் தண்டிப்பதோடு அரசின் கடமை முடிவதில்லை. அச்சுறுத்தலால் கெட்ட வாக்கை ஏற்காதிருத்தலும் அக்கடமையே என்பது இத்தீர்ப்பின் பொருள் எனலாம்.

ஆயினும் இப்பாதுகாப்பு யாருக்கு? 14(1) பேசுவது பிரசைகளைப் பற்றி. வேறெந்த நாட்டின் பிரசாவுரிமையும் இன்றி இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கு, 1978 அரசியலமைப்பின் 14(2)ஆம் உறுப்புரை இவ்வுரிமைகளைப் பத்தாண்டுக் காலத்திற்கு மட்டுமே வழங்கியது, வாக்குரிமையையோ வழங்கவில்லை. அத்தவணை 1988 செப்டெம்பரில் முடிந்தது. அவ்வாண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பலரைப் பிரசைகளாக்கிற்று. எஞ்சியோர் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தனர். 1999இன் வாக்குச் சீட்டு அவர்களுடையதன்று.

இன்று கொத்மலைத் தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் பிரசையே. அவளது வாக்கு தடுக்கப்படின், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் மனுத் தாக்கல் செய்தல் வேண்டும். அந்த நீதிமன்றம் இருப்பது கொழும்பில்.