கேரள ஸ்டார்ட்அப் மிஷன்

கேரள ஸ்டார்ட்அப் மிஷன் என்பது கேரள அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் முகமை. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடம், முதலீடு, கருவிகள், வழிகாட்டல், வாடிக்கையாளர் ஆகியவை கிடைக்க வழிசெய்வது இதன் பணி. தலைமை அலுவலகம் திருவனந்தபுரம் டெக்னோபார்க் வளாகத்திலும், மிகப் பெரிய வளாகம் கொச்சியை அடுத்த களமசேரியிலும் உள்ளன. இந்தியாவில் மாநில அரசுகள் புத்தொழில் நிறுவனங்களுக்கென நடத்தும் அமைப்புகளில் மூத்தவற்றுள் இதுவும் ஒன்று.

தோற்றம்

நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990-ல் தொடங்கப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்குக் கட்டடம் தருவதே அதன் முதன்மை வேலையாக இருந்தது. சிறு நிறுவனங்களுக்கு ஒரு மூலை தேவைப்பட்டபோது அங்கேயே அவற்றை வளர்த்தெடுக்கும் ஒரு தொழில் வளர்காப்பகம் உருவானது. இன்றைய மிஷனின் வேர் அதுதான். 2012-ல் களமசேரியில் ‘ஸ்டார்ட்அப் வில்லேஜ்’ திறக்கப்பட்டது. அரசும் தனியாரும் சேர்ந்து நடத்திய அந்த வளர்காப்பகத்தின் தலைமை வழிகாட்டியாக இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் இருந்தார். வேலை தேடி வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போவதே வழக்கமாக இருந்த ஒரு மாநிலத்தில், கல்லூரி முடிக்காத பிள்ளைகள் சொந்த நிறுவனம் தொடங்குவதைப் பற்றிப் பேச வைத்தது அது. 2014-ல் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப் கொள்கை வந்தது. டெக்னோபார்க் வளர்காப்பகம் 2015-ல் கேரள ஸ்டார்ட்அப் மிஷன் என்று பெயர் மாறி, மாநிலம் முழுமைக்குமான பொறுப்பை ஏற்றது.

மாணவர்களிடமிருந்து தொடக்கம்

மிஷனின் அடித்தளம் கல்லூரிகளில் இருக்கிறது. பொறியியல், பாலிடெக்னிக், கலை அறிவியல் கல்லூரிகளில் புத்தாக்க, தொழில்முனைவு வளர்ச்சி மையங்கள் நிறுவப்பட்டுள்ளன. இவற்றின் எண்ணிக்கை பல நூறு. ஒரு பேராசிரியர் பொறுப்பில், சில மாணவர்கள் சேர்ந்து ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு மாதிரி ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் இம்மையங்களின் வேலை. தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு 20 விழுக்காடு வருகைச் சலுகையும் 4 விழுக்காடு கருணை மதிப்பெண்ணும் தரலாம் என அரசு ஆணை பிறப்பித்தது. வருகைப்பதிவேட்டுக்கு அஞ்சிக் கைவிடப்படும் முயற்சிகள் எத்தனை என்பதைக் கல்லூரி வாழ்க்கையை அறிந்தவர்கள் உணர்வார்கள். செலவே இல்லாத இந்தச் சலுகையின் மதிப்பு மானியத்துக்குக் குறைந்ததில்லை.

கருவிகளுக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடு இணைந்த ஃபேப் லேப் கூடங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் அமைந்தன. முப்பரிமாண அச்சுப்பொறி, லேசர் வெட்டுக்கருவி, மின்சுற்றுப் பலகை செய்யும் இயந்திரம் ஆகியவற்றைத் தனி ஆள் வாங்க முடியாது. இங்கே வந்து பயன்படுத்தலாம். இவற்றின் சிறிய வடிவங்கள் பொறியியல் கல்லூரிகளுக்கும் போயின. 2020 ஜனவரியில் களமசேரியில் இதனினும் பெரிய ‘சூப்பர் ஃபேப் லேப்’ திறக்கப்பட்டது. ஓராண்டு முன்பே, 2019 ஜனவரியில், அங்கேயே சுமார் 1.8 லட்சம் சதுர அடிப் பரப்பில் ஒருங்கிணைந்த ஸ்டார்ட்அப் வளாகத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் திறந்துவைத்திருந்தார். மின்னணுப் பொருள் செய்வோருக்கான ‘மேக்கர் வில்லேஜ்’ இங்கேதான் இயங்குகிறது. இதில் வளர்ந்த ஐரோவ் நிறுவனம் செய்த ‘டூனா’ என்னும் நீரடி ட்ரோனை 2018-ல் கொச்சியிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமான என்.பி.ஓ.எல். பெற்றுக்கொண்டது.

நிதி

உதவி படிப்படியாக அமைகிறது. யோசனை நிலையில் சில லட்சம் ரூபாய் மானியம், அதை விற்கத்தக்க பொருளாக்க அதைவிடக் கூடுதல் மானியம், நிறுவனம் நிலைகொண்டபின் குறைந்த வட்டியில் ஆதார நிதிக் கடன். இவை தவிர, பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு நிதியங்களில் அரசு பங்கு போட்டு, அவை கேரள நிறுவனங்களில் முதலீடு செய்ய வேண்டும் என நிபந்தனை வைக்கும் ஏற்பாடும் உண்டு. எந்த நிறுவனம் தேறும் என்று அரசு அதிகாரி தேர்ந்தெடுப்பதைவிட, அந்தக் கணிப்பையே தொழிலாகக் கொண்டவர்களிடம் விடுவது நல்ல ஏற்பாடு.

அரசே முதல் வாடிக்கையாளர்

புதிய நிறுவனம் பெரும்பாலும் தடுமாறுவது விற்பனையில். அரசுத் துறை டெண்டர் விட்டால், மூன்றாண்டு அனுபவம் உண்டா, குறிப்பிட்ட அளவு வரவு செலவு உண்டா, முன்வைப்புத் தொகை கட்ட முடியுமா என்று கேட்கும். நேற்றுத் தொடங்கிய நிறுவனத்திடம் இதில் எதுவும் இருக்காது. கேரளம் இந்த முடிச்சை அவிழ்த்தது. மிஷனில் பதிவுபெற்ற நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ 20 லட்சம் ரூபாய் வரை டெண்டர் இன்றி அரசுத் துறைகள் நேரடியாக வாங்கலாம் என்று முதலில் ஆணை வந்தது. அதற்கு மேல் 1 கோடி ரூபாய் வரை ஸ்டார்ட்அப்களுக்குள் மட்டும் போட்டி நடத்தலாம் என விதி தளர்ந்தது. பின்னர் இந்த வரம்புகள் மேலும் உயர்ந்தன. துறைகள் தங்கள் சிக்கல்களை முன்வைத்து, தீர்வு உள்ளவர்களை அழைக்கும் கூட்டங்களையும் மிஷன் நடத்துகிறது.

இதன் பயனைக் காட்ட ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் வரலாறு போதும். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றக் குதித்த ஆட்டோ ஓட்டுநரும் மூச்சுத்திணறி இறந்தனர். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்திருந்தும் இந்தச் சாவுகள் நின்றபாடில்லை. குற்றிப்புறம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்து இந்நிறுவனத்தைத் தொடங்கிய இளைஞர்கள் மிஷனின் ஆதரவோடு ‘பேண்டிகூட்’ என்ற இயந்திரத்தை உருவாக்கினர். குழியின் வாயருகே ஒரு தாங்கி நிற்கும். அதிலிருந்து கால்கள் விரியும் ரோபோ உள்ளே இறங்கி, சுவரில் காலூன்றி, வாளி பொருத்திய கையால் சேற்றை அள்ளும். கேமராவும் நச்சுவாயுவை அறியும் உணரிகளும் அதில் உண்டு. தொழிலாளி மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குவார். கேரள நீர்வாரியத்துடன் மிஷன் உடன்பாடு செய்துகொண்டதால் 2018-ல் திருவனந்தபுரத்தில் அது பணியில் இறங்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் கும்பகோணம் நகராட்சிக்கும் வந்தது. 2023 பிப்ரவரியில் குருவாயூரிலும் ரோபோ வந்தபோது, பயன்பாட்டிலுள்ள பாதாளச் சாக்கடைக் குழிகள் அனைத்தையும் ரோபோவால் சுத்தம் செய்யும் முதல் மாநிலம் தானே எனக் கேரள அரசு அறிவித்தது. முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே இயந்திரத்தை இயக்கும் பயிற்சி தரப்பட்டது. மிஷனின் பணிகளில் இதைவிட மேலானதொன்று இல்லை எனத் துணிந்து சொல்லலாம்.

மதிப்பீடு

மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை வெளியிடும் மாநிலங்களின் ஸ்டார்ட்அப் தரவரிசையில் 2018, 2019, 2021 பதிப்புகளில் கேரளம் இரண்டாம் நிலையான ‘டாப் பெர்ஃபார்மர்’ பிரிவில் இருந்தது. 2024 ஜனவரியில் வெளியான 2022 பதிப்பில் தமிழ்நாடு, கர்நாடகம், குஜராத், இமாச்சலப் பிரதேசம் ஆகியவற்றோடு முதல் நிலையான ‘பெஸ்ட் பெர்ஃபார்மர்’ பிரிவுக்கு உயர்ந்தது. 2018-ல் ‘ஹடில் கேரளா’ என்ற பெயரில் தொடங்கிய ஸ்டார்ட்அப் மாநாட்டை மிஷன் ‘ஹடில் குளோபல்’ என்ற பெயரில் நடத்திவருகிறது.

குறைகளும் உண்டு. நிறுவனம் வளர்ந்து பெருமுதலீடு தேவைப்படும்போது பலர் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். பெரிந்தல்மண்ணாவில் வேர்கொண்ட ‘ஓப்பன்’ நிதித்தொழில்நுட்ப நிறுவனம் 2022-ல் நூறு கோடி டாலர் மதிப்பை எட்டி, நாட்டின் 100-ஆவது யூனிகார்ன் எனப் பெயர் பெற்றபோது அதன் தலைமையிடம் பெங்களூரில் இருந்தது. ஆதார நிதி முதல் இரண்டு ஆண்டுகளைக் கடக்க உதவும். அடுத்த கட்ட முதலீட்டாளரையும் பெரிய சந்தையையும் உள்ளூரிலேயே தருவது ஒரு முகமையால் மட்டும் ஆகிற காரியமில்லை. பதிவுபெற்ற நிறுவனங்களின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுவதும் போதாது. அவற்றில் எத்தனை ஐந்தாண்டு கழித்தும் சம்பளம் தருகின்றன என்பதே சரியான கணக்கு. பிற மாநிலங்கள் கேரளத்திடமிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கொள்முதல் ஆணையைத்தான்.