பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் ஹாக்கி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன். "உம்பட மருமகன் ஸ்கூல் டீமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான்டா. நீ சொன்னாத்தான் கேப்பான், ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றாள்.

அக்கா மகனுக்குப் பதினான்கு வயசு. கோவையில் அவன் படிக்கும் பள்ளியின் ஹாக்கி அணியில் இரண்டு வருஷம் இருந்தான். தினமும் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவன் களத்தில் இறங்கியது மூன்று ஆட்டம், எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் தேறாது. மற்றபடி பெஞ்ச்தான். இப்போது ஞாயிறு காலையில் எட்டு அணிகள் ஆடும் ஒரு சின்ன லீக்கில் சேர்ந்துவிட்டான். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நடத்துகிறார்கள். சான்றிதழ் கிடையாது, கோப்பையும் பேருக்குத்தான்.

அறிவுரை சொல்லத்தான் போனேன். அவன் திருப்பி ஒரு கேள்வி கேட்டான்: "எனக்கு வெளையாடோணுங் மாமா, அவ்வளவுதானுங். ஸ்கூல் டீம்னு ஒண்ணு எதுக்குங் இருக்குது?"

பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இது.

முதலில் எனக்கு ஆச்சரியம் தந்த விஷயம். ஹாக்கி நம் நாட்டுக்குப் பள்ளிக்கூடம் வழியாக வரவில்லை. பட்டாளமும் கிளப்பும்தான் கொண்டுவந்தன. கல்கத்தாவில் முதல் ஹாக்கி கிளப் 1885-ல் வந்தது. இங்கிலாந்தில் ஹாக்கிக்கென்று நிலையான சங்கம் உருவானதே அதற்கு அடுத்த வருஷம். கல்கத்தாவின் பெய்ட்டன் கோப்பை 1895-ல் தொடங்கியது. தியான் சந்த் பள்ளி அணியில் பேர் வாங்கி மேலே வந்தவர் இல்லை. 1922-ல் பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் ஹாக்கியை உருப்படியாகக் கையில் எடுத்தார். ஆறே வருஷத்தில், 1928-ல், ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் தங்கம். இன்றைய கணக்கில் அவர் 'லேட்'!

நம்ம தன்ராஜ் பிள்ளையையும் எடுத்துக்கொள்ளலாம். புனே பக்கம் கட்கியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. காலனிப் பிள்ளைகளோடு, உடைந்த மட்டைகளை ஒட்டவைத்து ஆடிப் பழகியவர் நான்கு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடினார்.

அப்படியானால் அந்தக் காலத்துப் பள்ளிகளில் என்ன இருந்தது? டிரில் இருந்தது. பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர் டிரில் மாஸ்டராக வருவார், பையன்கள் வரிசையாக நின்று கையைக் காலைத் தூக்குவார்கள். இதை மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919-ல் சென்னைக்கு வந்து, 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவரும் அவரே. நம் பக்கத்தில் அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம், பின்னாளில் பெரியநாயக்கன்பாளையத்தில் உடற்கல்விக் கல்லூரியும் நடத்தியது. கொங்குப் பள்ளிகளில் வேலை பார்த்த பல பி.டி. வாத்தியார்கள் அங்கே படித்தவர்கள்.

டிரில்லை எடுத்துவிட்டு விளையாட்டைக் கொண்டுவந்ததன் நோக்கம் எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்பதுதான். அந்த இடத்தில் 'ஸ்கூல் டீம்' எப்படி வந்து உட்கார்ந்தது? போட்டி நடத்தும் முறையில்தான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது.

பள்ளிகளுக்கான குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகும். பெரும்பாலும் நாக்-அவுட். தோற்றால் கிளம்ப வேண்டியதுதான். 16 பள்ளிகள் வந்தால் மொத்தம் 15 ஆட்டம். முதல் சுற்றிலேயே 8 பள்ளிகள் மூட்டை கட்டிவிடும். வருஷம் பூரா பயிற்சி எடுத்தவனுக்கு ஒரே ஒரு ஆட்டம்! அந்த ஒன்றில் எந்த வாத்தியார் துணிந்து பெஞ்சில் இருப்பவனை இறக்குவார்? அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இப்போது எட்டு அணி லீக்கைப் பாருங்கள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் மோதும். மொத்தம் 28 ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் ஏழு. இந்த வாரம் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. அதனால் எல்லோரையும் இறக்கிப் பார்க்க இடம் இருக்கிறது. கால்பந்து லீக் பிறந்ததே இப்படித்தான். வில்லியம் மெக்ரெகர் என்று பர்மிங்காமில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஆஸ்டன் வில்லா கால்பந்து கிளப்பின் நிர்வாகிகளில் ஒருவர். கோப்பைப் போட்டியில் சீக்கிரம் தோற்றால் நிச்சயமான ஆட்டங்கள் இல்லாமல் கிளப்புகள் திண்டாடின. 1888-ல் 12 கிளப்புகளைச் சேர்த்து லீக் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு கிளப்புக்கும் நிச்சயமாக 22 ஆட்டம்.

ஐரோப்பாவில் ஹாக்கி வலுவாக உள்ள நெதர்லாந்து, ஜெர்மனி இரண்டிலும் பிள்ளைகள் ஆடுவது ஊர் கிளப்பில்தான். நெதர்லாந்து கிளப்புகளில் இரண்டு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். நன்றாக ஆடுபவன் முதல் அணியில், சுமாராக ஆடுபவன் ஐந்தாவது அணியில். ஆனால் அவனுக்கும் வாரா வாரம் ஆட்டம் இருக்கும். 'எல்லாரையும் ஆடவிட்டா தரம் போயிரும்' என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. 2024 பாரிஸில் ஹாக்கியின் ஆண்கள் தங்கமும் பெண்கள் தங்கமும் அதே நெதர்லாந்துக்குத்தான் போயின.

இந்த மாதிரி நமக்கும் அந்நியமானது இல்லை. என் அப்பிச்சி ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையைச் சுற்றி மில்கள் வரிசையாக எழும்பின. ஷிப்ட் முடிந்ததும் மில் மைதானத்தில் ஹாக்கி ஆடுவார்களாம். அப்பிச்சி ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் சாகும்வரை "நான் லெஃப்ட் அவுட்" என்று சொல்லிக்கொள்வார். பட்டமெல்லாம் வாங்கிய நான் பள்ளி அணியில் 'எக்ஸ்ட்ரா'. எந்த இடத்தில் ஆடினேன் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் கோவில்பட்டி. அங்கேயும் கோவைத் தொடர்பு ஒன்று உண்டு. 1910-ல் இங்கே தொடங்கிய லட்சுமி மில்லுக்கு அங்கேயும் ஆலை இருந்தது. பஞ்சாலை ஊரான கோவில்பட்டியில் பகுதிக்குப் பகுதி கிளப் வைத்து ஆடினார்கள். மாரீஸ்வரன் அந்த ஊர்ப் பையன். அரியலூர் கார்த்தி அங்கே உள்ள அரசு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இருவரும் இந்தியாவுக்கு ஆடினார்கள்.

கோவையில் மில் மைதானங்கள் பலவும் போய்விட்டன. பள்ளிகளுக்கும் இடம் இல்லை. முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கிட்டத்தட்ட ஒன்றேகால் ஏக்கர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்தது, அந்த முறை இந்தியா ஏழாவது இடம். அதன்பிறகு மண் தரையில் ஆடிப் பழகுகிறவன் மேலே போவது இன்னும் கஷ்டமானது. புல்தரை போட எந்தச் சாதாரணப் பள்ளியால் முடியும்?

அக்கா மகன் சேர்ந்திருக்கும் லீக் அணிக்கு ஐந்து பேர் ஆட்டம். 2014 நான்ஜிங் இளையோர் ஒலிம்பிக்கில் ஆடிய அதே வகை. முழு மைதானத்தில் பாதிகூட வேண்டாம். சுற்றிலும் பலகை வைத்துக்கொண்டு செம்மண்ணிலேயே ஆடுகிறார்கள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி. சர்டிபிகேட்டுக்கு நெதர்லாந்துக்காரனா வருவான்?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஹாலந்தில் இல்லாத விஷயம் இது. இங்கே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு. தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியதற்கு 'படிவம் 4' என்றே ஒரு சான்றிதழ் உண்டு. அந்த வழிக்குப் பள்ளி அணிதான் வாசல். ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது வாழ்க்கையையே மாற்றும் கதவு. ஞாயிறு லீக்கால் அதைத் தர முடியாது. இதை மறைத்துவிட்டு லீக்கைப் புகழ்ந்தால் அது பொய்.

ஆனால் அந்தக் கதவின் அகலத்தையும் பார்க்க வேண்டும். மாநில அணியில் ஒரு வயதுப் பிரிவுக்குப் பதினாறு, பதினெட்டு பேருக்குத்தான் இடம். பள்ளி அணியிலேயே பெஞ்சில் இருப்பவன் அதுவரை போவது நடக்கிற காரியமா? கிடைக்கப்போகாத சான்றிதழுக்காக அவன் ஆட்டத்தையும் இழக்கிறான். நான் இழந்தேன். பத்தாவது முடித்த பிறகு மட்டையைத் தொடவே இல்லை.

கடைசியில் அக்கா ஒரு வருஷம் தவணை கொடுத்தாள். அடுத்த வருஷம் பள்ளி அணியில் மறுபடி தேர்வு வைக்கும்போது அவன் போய் நிற்க வேண்டும். இடம் கிடைத்தால் இரண்டிலும் ஆடலாம், கிடைக்காவிட்டால் லீக். அவனும் சரி என்றான்.

போன ஞாயிறு நானும் அக்காவும் ஆட்டம் பார்க்கப் போனோம். 2-6 என்று தோற்றார்கள். ஆட்டம் நாற்பது நிமிஷம், அதில் முப்பது நிமிஷத்துக்கு மேல் அவன் களத்தில் இருந்தான். இரண்டு வருஷத்தில் ஆடியதை ஒரே காலையில் ஆடி முடித்துவிட்டு, முழங்கால் எல்லாம் செம்மண்ணாக வந்து நின்றான். "எந்த எடத்துல ஆடுன?" என்று கேட்டாள் அக்கா.

"லெஃப்ட் சைடும்மா" என்றான்.