அரக்கு படுத்திய பாடு

திருவான்மியூர் என்ற பெயருக்கு வான்மீகி முனிவரைக் காரணமாகச் சொல்லுவார்கள். தவத்தில் உட்கார்ந்தவரைக் கறையான் புற்று மூடிவிட்டதாம். அப்படிப்பட்ட ஊருக்குப் பழைய மரச் சாமானை விலைக்கு வாங்கிக்கொண்டு வருவதென்றால் சற்றுத் துணிச்சல் வேண்டும். நல்ல வேளையாக நான் வாங்கிய சாய்வு நாற்காலி தேக்கு மரம். வைரம் ஏறிய தேக்கைக் கறையான் இலேசில் தொடாது.

பழைய சாமானைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு இதுதான் முதல் தடவை. எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு வயதான ஆசாரியைக் கேட்டேன்.

"முதல்லே பஞ்சிலே ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு மூலையிலே தேய்ச்சுப் பாருங்க, ஸார்! கரைஞ்சு வந்தா அரக்கு" என்றார்.

பஞ்சு பழுப்பாகிவிட்டது. ஆகவே, பிரெஞ்சு பாலிஷ்தான்.

பெயரில் மட்டும்தான் பிரெஞ்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஐரோப்பியத் தச்சர்களிடையே அந்த முறை பிரபலமாயிற்று, சரக்கோ நம்முடையது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினால் கூடு கட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு பூச்சிதான் அரக்குக்கு மூலம். கூட்டைச் சுரண்டி எடுத்துக் கழுவி, நீளமான துணிப் பையில் போட்டு நெருப்பில் காட்டி முறுக்கிப் பிழிவார்கள். வெளிவருவதைச் சூட்டோடு இழுத்துத் தகடாக்கி உடைத்தால், அவல் மாதிரி பொன்னிறச் சில்லுகள். பாண்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிக் கொடுத்த மாளிகையும் இந்தச் சரக்குத்தான்! எளிதில் தீப்பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சில்லுகளை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைப் பழந்துணியில் முடிந்து, அதனால் தொட்டுத் தொட்டு மரத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் பறந்துவிடும்; அரக்கு மட்டும் தங்கும். ஒரு கை காய்ந்த பிறகு மறு கை. முடிச்சு ஓரிடத்தில் நின்றால் போச்சு, அடியிலுள்ள பூச்சும் கரைந்து எழும்பிவிடும். மழை நாளில் செய்தால் ஈரம் பட்டு வெளுத்துப் போகும். கடற்கரை ஊரில் இது சாமானிய வேலை அல்ல.

அரக்கு பாடவும் பாடியது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய கிராமபோன் தட்டு, கல்பொடி கலந்த அரக்குத்தானே? பாகவதர் குரலும் சுந்தராம்பாள் குரலும் பூச்சியின் தயவில்தான் வீட்டுக்கு வீடு போயின. 1942-ல் யுத்தத்தின் காரணமாக அமெரிக்க சர்க்கார் தட்டுகளுக்கு அரக்கைப் பெருமளவு குறைத்துவிட்டது. பிறகு பிளாஸ்டிக் தட்டு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. கள்ளுக் கடையும் சாராயக் கடையும் மூடின. தச்சுப் பட்டறையில் பாலிஷ் புட்டி மட்டும் இருந்தது. அதிலிருந்த ஸ்பிரிட், யாரும் குடிக்கக் கூடாதென்றே நஞ்சு கலந்தது. கண்ணையும் பறிக்கும், உயிரையும் பறிக்கும். அதையும் குடித்தார்கள்.

"எங்க பெரியப்பா கை மெருகுன்னா பங்களாக்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, ஸார்" என்றார் ஆசாரி. "அவர் போனதும் அந்தப் புட்டியாலேதான்." மேலே அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

1959-ல் சர்க்கார் இதற்கென்றே விதிகள் செய்தது. நஞ்சு கலந்த ஸ்பிரிட், மெதில் ஆல்கஹால் இவற்றோடு 'வார்னிஷ், பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயரைச் சொல்லியே லைசென்ஸுக்குள் கொண்டுவந்தார்கள். குடிப்பவனுக்காகப் போட்ட கட்டு, நாற்காலிக்கு மெருகு ஏற்றிப் பிழைத்தவன் தலையிலும் விழுந்தது. அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புட்டிக்குப் பலியானவர்களில் பாலிஷ்காரர்களும் இருந்தார்களே! 1971-ல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974-ல் திரும்பி வந்தது, பின்னர் மறுபடி போயிற்று. இதற்கிடையில் மெலமைன், பாலியூரிதேன் என்று புதுப் பூச்சுகளும், அவற்றைப் பீய்ச்சி அடிக்கும் யந்திரமும் பட்டறைக்குள் நுழைந்துவிட்டன. துணி முடிச்சால் தேய்த்து மெருகேற்றத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்.