களை பறித்த கையும் வெஞ்சனச் சட்டியும்

தமிழர் சமையல் வரலாறு என்று யாராவது பேச ஆரம்பித்தால், 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள். நல்ல நூல்தான். அளவு, பக்குவம் எல்லாம் பிசகாமல் சொல்லும். ஆனால் அது ஒரு பார்ப்பன வீட்டுச் சைவ அடுப்படி. அந்த ஒரு அடுப்படி எப்படி மொத்தத் தமிழர் அடுப்படியாக ஆனது என்று கேட்டால் பதில் வராது. எங்கள் பக்கத்திலும் இதே கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. மார்கழி என்றால் ஆண்டாள், அக்காரவடிசல். அங்கிருந்து ராஜபாளையம் வரைக்கும் மலையடிவாரக் கண்மாய்களை ஒட்டிக் கிடக்கிற சேரிகளில் ஐப்பசி, கார்த்திகையில் என்ன வெந்தது என்று எந்தச் சமையல் புத்தகமும் சொல்லவில்லை.

ஐப்பசி, கார்த்திகையை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் சனங்களுக்கு அவைதான் பஞ்ச மாதங்கள். வெளியே பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கி, மலை ஓடைகள் வந்து கண்மாய் பெருகி, நஞ்சையில் நடவு நடக்கும். அறுப்பு தையில்தான். போன தையில் கூலியாக வந்த நெல் ஆடியைத் தாண்டாது. அடைமழை பிடித்துக்கொண்டால் நாலு நாள் வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. "மழ பேஞ்சா சம்சாரிக்குச் சந்தோசம், நமக்கு வயித்துல இடி" என்று எங்க அம்மாச்சி சொல்லும். அதிலும் விறகு பெரும்பாடு. வெயில் காலத்திலேயே பருத்திமாரைக் கட்டி இறவாணத்தில் செருகி வைத்திருந்தால் பிழைத்தோம். மலைக்கு விறகுக்குப் போன பொம்பளைகளுக்கு வனக்காவலர் தொந்தரவு ஏற்கெனவே இருந்தது. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தபின் அந்தக் கதவு இன்னும் இறுகியது.

அந்த மாதங்களில் வெஞ்சனம் எங்கிருந்து வந்தது? சம்சாரி களை என்று பிடுங்கி எறியச் சொன்னதிலிருந்து வந்தது. புஞ்சையில் கம்புக்கும் சோளத்துக்கும் இடையில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை. நஞ்சையில் ஆரைக்கீரை, வரப்போரம் பொன்னாங்கண்ணி. பயிரைத் தின்கிற களை என்று அவனுக்குக் கணக்கு. எது இளசு, எது முத்தல், எதை எதோடு கலக்கலாம் என்று பறிக்கிற கைக்குக் கணக்கு. களைக்கூலி சாயங்காலம் வருமோ வராதோ, மடியில் கீரை வந்துவிடும். அதற்கும் சில சம்சாரிகள் மடியைத் தட்டிப் பார்த்ததுண்டாம். நல்ல தழையெல்லாம் அவன் மாட்டுக்குப் போக வேண்டுமே!

பண்ணைக்கீரையை அம்மாச்சி மூணு தண்ணீர் விட்டு அலசும். மழையில் தெறித்த கரிசல் மண் லேசில் போகாது. மண்சட்டியில் உள்ளி, பூண்டு, பச்சமிளகா, கொஞ்சம் புளி போட்டு மூடாமல் வேக வைக்கும். வெந்ததும் தண்ணியை வேறு சட்டிக்கு இறுத்துவிட்டு, உப்புப் போட்டு மத்தால் கடையும். இறுத்த தண்ணியைக் கீழே ஊற்றாது, மறுநாள் ரசம் அதில்தான். பருப்பு இல்லாத நாளில் காணத்தை அவித்துச் சேர்க்கும். எண்ணெய் ஊற்றித் தாளிக்கிறதெல்லாம் தீவாளிக்குத்தான். சூடான கம்மஞ்சோற்றில் குழி பறித்து அந்தக் கீரையை ஊற்றித் தின்றவர்களுக்குத் தெரியும் அதன் ருசி. வறுமை என்ற ஒரே சொல்லால் இதை மூடிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. பசி இருந்தது, அதோடு கூடவே ருசி பார்க்கிற நாக்கும் இருந்தது.

மீனும் அப்படித்தான். கண்மாய்க்குள் கிடக்கிற மீனுக்கு மீன்பாசி ஏலம் உண்டு. ஏலம் எடுக்கிறவன் எந்தத் தெருக்காரன் என்று சொல்ல வேண்டியதில்லை. மடை தாண்டி வயலுக்கும் ஓடைக்கும் வந்துவிட்ட கெண்டைக்கும் அயிரைக்கும் ஏலம் கிடையாது. சேலைத் துணியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்போம். வயல் நண்டை மிளகு, பூண்டோடு உரலில் இடித்து ரசம் வைத்தால் மழைச் சளி இறங்கிவிடும்.

ஈசலைச் சொல்லாமல் விட முடியாது. மழை வெறித்த அந்தியில் புற்றுப் பக்கம் விளக்கை வைத்து, கீழே தண்ணீர்ச் சட்டி. விழுந்ததை அள்ளி வெறுஞ்சட்டியில் வறுத்து, சொளகில் இறகு போகப் புடைத்து, பொரியரிசியோடு தின்போம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எம்.ஏ. படிக்கும்போது புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டைச் சொல்கிற இடத்துக்கு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கார்மழை முடிந்த காலம், செம்புற்று ஈசலை மோரில் புளிக்கவிட்டுச் சமைத்த உணவு, புதுத்தினை. வள்ளலின் நாட்டு வளமாக ஈசல் வருகிறது! பாரி நாட்டில் வளம், சேரியில் இழிவு. நடுவில் ஈசல் மாறவில்லை. சாதி வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு அடுப்படி உண்டு. கிணைமகள் ஒருத்தி, கிணைப்பறை முழக்கும் குடியைச் சேர்ந்தவள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, பார்க்கிறவர்களுக்கு வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். வகுப்பில் இதை வறுமையின் உச்சம் என்று சொல்லித் தந்தார்கள். சரி. ஆனால் பறை முழக்கியவள் எதற்காகக் கதவைச் சாத்தினாள், வெளியே நின்று பார்த்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியைச் சேர்ந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோதுதான் அந்தக் கதவு உள்ளேயிருந்து திறந்தது என்பேன். நாயக்கர் வீட்டில் மீந்த சோற்றைப் பாட்டி வாங்கிவருவதைக்கூட அவர் மறைக்காமல் எழுதினார். மராத்தியில் ஷாகு பாடோளே 2015இல் மராத்வாடா தலித் சமையலைத் தனிப் புத்தகமாகவே எழுதிவிட்டார். 2024இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நம்மிடம் இன்னும் அப்படியொன்று வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு.

பழையதைப் புகழ்ந்து பாட எனக்கு இஷ்டமில்லை. 2008இல் ஒரு ரூபாய் அரிசியும் 2011இல் விலையில்லா அரிசியும் வந்து ஐப்பசிப் பசியை ஒழித்தது பெரிய காரியம். 'இலவசம்' என்று இளக்காரம் பேசுகிறவர்கள் அந்த மாதங்களைப் பட்டினியாகக் கடந்ததில்லை. ஆனால் கீரையின் கதை வேறு. 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது, ரசாயன உரமும் பூச்சிமருந்தும் கூடவே வந்தன, பிறகு களைக்கொல்லி. மருந்தடித்த காட்டில் கீரை பிடுங்கக் கூடாது என்று பொம்பளைகளே விலகிக்கொண்டார்கள். களையெடுப்பு வேலையும் குறைந்தது. 1936இல் ராஜபாளையம் மில் தொடங்கியதிலிருந்து நூற்பாலை ஊராகிவிட்ட பக்கம் இது. பிள்ளைகள் மில்லுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்கும் போகிறார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைக்குப் பண்ணைக்கும் தொய்யலுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

போன கார்த்திகையில் எங்க சித்தியோடு ஓடைக்கரையில் நடந்து பதினோரு கீரைகளின் பெயரை எழுதிக்கொண்டேன். இரண்டுக்குச் சித்திக்கே பெயர் தெரியவில்லை, பக்குவம் மட்டும் தெரியும். உங்கள் ஊர்ச் சேரியில் மழைக்காலத்தில் என்ன பறித்தார்கள், எப்படிச் சமைத்தார்கள், யாரிடம் கேட்டீர்கள் என்பதை, அவர்கள் சொன்ன பேச்சை மாற்றாமல், எழுதி அனுப்புங்கள் தோழர்களே.