துலாவும் யந்திரக் கையும்

சண்டிலிப்பாயில் வற்றாத ஆறில்லை, யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் அதுவே விதி. சுண்ணாம்புப் பாறையினுள்ளே தேங்கிய நீரைக் கிணற்றின் வழியே மேலே கொணர்ந்துதான் இம்மக்கள் புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர். நீர் இறைக்கும் யந்திரங்கள் பரவும் வரை அவ்வேலையைச் செய்தது துலா. ஆடுகாலின் மேல் அச்சிற் பொருத்திய நெடுமரம்; நுனியிற் கொடி; கொடியின் முனையில் பனையோலைப் பட்டை. மரத்தின்மீது மனிதர் முன்னும் பின்னும் நடக்கப் பட்டை தாழ்ந்து, நீர் மொண்டு எழும்.

நுனி மெலிந்த நெடுமரம் பாரத்துக்குச் சிறிது வளையும். சடுதியாகத் திரும்பினாலோ கொடி ஊசலாடும், நீர் சிந்தும். ஆகவே மிதிப்பவன் தன் நடையை மரத்தின் அலைவுக்கு இசைத்துக் கொண்டான். அந்த அறிவை எவரும் ஏட்டில் எழுதவில்லை. அயலிலேயே, வட்டுக்கோட்டையில், 1823இல் தோன்றிய செமினரியில் மேலைக் கணிதம் கற்பிக்கப்பட்டது. அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணித நூல் 1855இல் தமிழில் வெளிவந்தது. சமன்பாடு தமிழுக்கு வந்தது, துலாவினிடம் வரவில்லை.

வளையும் கோலின் கணிதம் ஐரோப்பாவில் அதற்கும் முன்பே பிறந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் டானியல் பேர்னூலியும் ஒயிலரும் அதனை வகுத்தனர்; 1744இல் வெளிவந்த ஒயிலரின் நூலில் வளைந்த கோலின் வடிவங்கள் ஆராயப்பட்டன. ஆயினும் 1961இல் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலையொன்றில் 'யூனிமேற்' என்னும் முதல் தொழிற்சாலை றோபோ வேலைக்கு நின்றபோது இக்கணிதம் தேவைப்படவில்லை. கை வளையாதபடி அதனைப் பருமனாக வார்த்துவிட்டால் போதுமே! தூக்கும் பொருளைவிடத் தூக்கும் கையே பன்மடங்கு பாரம். மோட்டாரின் வலுவில் பெரும்பங்கு கை தன்னையே சுமப்பதில் கழிந்தது.

விண்வெளியில் அந்த ஊதாரித்தனம் செல்லாது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் கொண்டுசென்ற கனடாவின் யந்திரக் கை ஏறக்குறைய 15 மீற்றர் நீளமானது. பூமியில் தன் பாரத்தையே தூக்கமாட்டாத மெலிவு அதற்கு. நிறுத்திய பின்னும் நுனி ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போதுதான் பழைய கோற்கணிதம் றோபோவியலுக்கு உயிர்நாடியாயிற்று. வேய்ன் புக் என்பவர் எம்.ஐ.ரி.யில் தொடங்கிய ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, வளையும் இணைப்புகளையுடைய கைக்கு லக்ராஞ்சு முறையில் இயக்கச் சமன்பாடுகளை 1984இல் ஒழுங்குபடுத்தித் தந்தார்.

சிக்கல் எங்கே? விறைப்பான கைக்கு ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கோணம் தெரிந்தால் போதும். வளையும் கைக்கோ ஒவ்வொரு புள்ளியும் தனித்து அசையும், மாறிகள் எண்ணிலடங்கா. எனவே அதிர்வை எளிய வடிவங்களின் கூட்டாகக் கொண்டு, முதல் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மிகுதியைத் தள்ளிவிடுகின்றனர். தள்ளியவை சும்மா இருப்பதில்லை. கட்டுப்படுத்தும் விசையே சிலவேளை அவற்றைக் கிளறிவிடும். இன்னுமொரு விந்தை: அடியிலுள்ள மோட்டார் கையை வலப்புறம் திருப்பினால் நுனி முதற்கணத்தில் இடப்புறம் நகரும். நுனியைப் பார்த்தே மோட்டாரைச் செலுத்த முனைந்த ஸ்ரான்போட் ஆய்வாளர் கனனும் ஷ்மிற்சும் 1984இல் வெளியிட்ட பரிசோதனையில் எதிர்ப்பட்ட இடர் இதுவே.

'றோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகம். அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருள், பண்ணையடிமையின் கட்டாய உழைப்பு. நம் குடாநாட்டில் அப்பொருளை விளக்க அகராதி வேண்டியதில்லை. பிறர் தோட்டத்துக்கு நீர் இறைத்த ஒடுக்கப்பட்ட மக்கள், குடிநீர் வேண்டி உயர்சாதியாரின் கிணற்றுக் கொடியைத் தொட உரிமையற்றிருந்தனர். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. வந்தும் போதாமையால் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாக நடக்க வேண்டியிருந்தது. துலாவின் அலைவை அறிந்த கால்களுக்கும் அவ்வீதியில் பங்குண்டு என நாம் கருதுகிறோம்.

ஆசிரிய நண்பர்கள் இக்கணிதத்தைத் தொடங்க ஆய்வுகூடம் தேடவேண்டியதில்லை. ஓர் அடிமட்டத்தின் ஒரு பகுதியை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீளும் முனையைத் தட்டிவிடுங்கள். அது முதல் அதிர்வு வடிவம். முனையில் ஒரு நாணயத்தை ஒட்டித் தட்டுங்கள், ஆட்டம் மெதுவாகும். நீளத்தைக் கூட்டினால் இன்னும் மெதுவாகும். பிறகு மாணவரிடம் துலாவைப் பற்றிச் சொல்லலாம்; அவர்களுள் யாரேனும் ஒருவரின் பாட்டன் அதை மிதித்தவராக இருக்கக்கூடும்.