கப்பலுக்கு ஏன் நெடுஞ்சாலை என்று பெயர்?



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இப்போது அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் இருக்கிறாள். அவளும் அவள் கணவரும் இந்தக் கோடையில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியில் அலாஸ்கா போய்வந்தார்கள். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் அந்த வண்டிக்குள்ளேயே இருக்கும். போகும்போது கனடா வழியாகச் சாலையில் போனார்கள். திரும்பும்போது ஹெயின்ஸ் என்ற சிற்றூரில் வண்டியோடு கப்பலில் ஏறி, பெல்லிங்ஹாம் துறைமுகத்தில் இறங்கினார்கள். குழுவில் படங்களைப் போட்டுவிட்டு, "டீச்சர், இந்தக் கப்பல் போக்குவரத்துக்கு 'அலாஸ்கா கடல் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன்?" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அலாஸ்காவின் தென்கிழக்கில் ஒரு வால் போலக் கீழே நீளும் பகுதி தெரியும். ஒரு பக்கம் கடலும் நூற்றுக்கணக்கான தீவுகளும்; மறுபக்கம் மலையும் பனியாறும். மாநிலத் தலைநகர் ஜூனோ இங்கேதான் இருக்கிறது. 30,000 பேருக்கு மேல் வாழும் ஊர். ஆனால் அங்கிருந்து வேறு ஊருக்குப் போகச் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், இல்லையென்றால் கப்பலில் போகலாம். அவ்வளவுதான்.

இப்போது 1942-க்கு வாருங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்து அலாஸ்காவாக இருக்குமோ என்று அமெரிக்கா பயந்தது. அதன்படியே 1942 ஜூனில் டச்சு துறைமுகம் தாக்கப்பட்டது. அட்டு, கிஸ்கா என்ற இரண்டு தீவுகளையும் ஜப்பான் பிடித்தது. கடல் வழியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று கனடா வழியாக அவசர அவசரமாக ஒரு சாலை போட்டார்கள். அதுதான் அலாஸ்கா நெடுஞ்சாலை. 2,400 கி.மீ.க்கும் அதிகமான நீளத்தை மார்ச் முதல் அக்டோபருக்குள் வெட்டி முடித்தார்கள். 10,000-க்கும் மேற்பட்ட ராணுவ வீரர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். அன்று அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்களுக்குத் தனிப் படைப்பிரிவு. அக்டோபர் 25 அன்று வடக்கிலிருந்து வந்தவர்களும் தெற்கிலிருந்து வந்தவர்களும் பீவர் க்ரீக் அருகே சந்தித்தார்கள். ரெஃபைன்ஸ் சிம்ஸ் என்ற கறுப்பின வீரரும் ஆல்ஃபிரட் ஜலுஃப்கா என்ற வெள்ளையின வீரரும் புல்டோசர்கள் மேல் நின்று கைகுலுக்கிய படம் புகழ்பெற்றது. என் மாணவியின் வீட்டு வண்டி ஓடியது இந்தப் பாதையில்தான்.

ஆனால் இந்தச் சாலை தென்கிழக்கு ஊர்களைத் தொடவில்லை. 1943-இல் ஹெயின்ஸுக்கு மட்டும் ஒரு கிளைச் சாலை போட்டார்கள். மற்ற ஊர்கள் தனித்தே நின்றன. ஹெயின்ஸிலிருந்து ஜூனோவுக்குக் காரைக் கொண்டுபோக வேண்டுமானால் என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் சாதாரண மனிதர்கள் வருகிறார்கள். ஹெயின்ஸைச் சேர்ந்த ஸ்டீவ் ஹோமரும் அவருடைய கூட்டாளிகளும் போரில் பயன்பட்ட பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். டாங்கிகளைக் கரையில் இறக்குவதற்காகக் கட்டிய படகு அது. அதற்குச் 'சில்கூட்' என்று பெயர் வைத்து, 1949-இல் கார்களை ஏற்றி ஓட்டத் தொடங்கினார்கள். தேவை இருந்தது, வருமானம் போதவில்லை. 1951-இல் அரசே அதை வாங்கிக்கொண்டது. 1957-இல் 'சில்கட்' என்ற புதுப் படகு வந்தது. 15 கார் ஏற்றலாம். நீல வண்ணம் பூசியிருந்ததால் மக்கள் அதை 'நீல ஓடம்' என்றார்கள். இன்றும் அரசுக் கப்பல்களுக்கு அந்தச் செல்லப்பெயர்தான்.

1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா தனி மாநிலமானது. கையில் பெரிய வருமானம் கிடையாது. எண்ணெய்ப் பணமெல்லாம் பிறகு வந்தது. அப்படியிருந்தும் கப்பல்களுக்கும் துறைகளுக்கும் 1 கோடியே 80 லட்சம் டாலர் கடன் வாங்க மக்களே வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். 1963-இல் மலாஸ்பினா, டாகு, மட்டனுஸ்கா என்ற மூன்று கப்பல்கள் ஓடத் தொடங்கின. மூன்றும் அலாஸ்காவின் பனியாறுகளின் பெயர்கள். இந்தப் போக்குவரத்துக்குத்தான் 'கடல் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள்.

மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மலையில் சாலை போட முடியாத இடத்தில் கடலையே சாலையாக அரசு ஏற்றுக்கொண்டது. கப்பல் என்றால் லாப நட்டக் கணக்கு கேட்பார்கள். சாலை என்றால் மக்களின் உரிமை. பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருக்கிறது.

சுற்றுலா வருபவர்களுக்கு இது அழகான பயணம். மேல்தளத்தில் கூடாரம் அடித்து, காற்றில் பறக்காமல் ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டித் தூங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மருத்துவமனை, காய்கறி, கார், வீட்டுச் சாமான் எல்லாம் இந்தக் கப்பல்தான். பள்ளிப் பிள்ளைகள் கூடைப்பந்துப் போட்டிக்குப் பக்கத்து ஊருக்குப் போவதும் இதில்தான்.

இந்த வாக்குறுதிக்குச் சோதனையும் வந்தது. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்து மாநில வருமானம் குறைந்தது. 2019-இல் ஆளுநர் மைக் டன்லீவியின் அரசு கப்பல்களுக்கான நிதியைப் பெருமளவு வெட்டியது. கோர்டோவா என்ற மீனவர் ஊருக்கு 2019-20 குளிர்காலம் முழுவதும் கப்பலே இல்லை. 2020 ஜனவரியில் மட்டனுஸ்கா பழுதாகி நின்றபோது தென்கிழக்கின் பல ஊர்கள் வாரக்கணக்கில் தவித்தன. முதல் கப்பலான மலாஸ்பினாவை 2022-இல் தனியாருக்கு விற்றுவிட்டார்கள்.

வெட்டியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாநிலத்தில் பெரும்பாலோர் சாலை வசதி உள்ள ஊர்களில் வாழ்கிறார்கள். சிலருக்காக எல்லோரும் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். டிக்கெட் பணம் செலவில் ஒரு பகுதிக்குத்தான் காணும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு மலைச்சாலையைப் பார்த்து "நீ எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று யாராவது கேட்கிறோமா? கடைக்கோடி ஊருக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்பதற்குத்தானே எல்லோரும் சேர்ந்து வரி கட்டுகிறோம்? 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இத்தகைய கிராமப்புறக் கப்பல் சேவைக்கு 5 ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. அலாஸ்காவின் செனட்டர் லிசா மர்கோவ்ஸ்கி அதற்குப் பாடுபட்டார். அவரும் ஆளுநரும் ஒரே கட்சிதான் என்பதைக் கவனியுங்கள்.

உங்களில் பலர் இன்று அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கணக்குப் பார்க்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். ஒரு பேருந்தையோ ஒரு பள்ளியையோ 'ஆள் குறைவு, நட்டம்' என்று மூடச் சொல்லும் தாள் உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தக் கடைசி ஊருக்கு வேறு வழி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்